எஃப்.எஸ்.எச். 78 என்றால் பயப்பட வேண்டுமா?

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆன 54 வயதுப் பெண் ஒருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு எந்நேரமும் அசதி. தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது. இரவில் உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கிறது. எடையும் கூடிவிட்டது. பக்கத்து ஆய்வகத்தில் ஹார்மோன் பரிசோதனைகளை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொள்கிறார். எஃப்.எஸ்.எச். 78, ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) 10-க்கும் கீழே, டி.எஸ்.எச். 6.2, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் தைராக்சினில் புரதத்தோடு ஒட்டாத பங்கு) 1.1 என்று முடிவு வருகிறது. முதல் மூன்று எண்களும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து வீட்டில் கலக்கம்.

இதில் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால் இரண்டும் அந்த வயதில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கின்றன. டி.எஸ்.எச். மட்டும் கவனிக்க வேண்டியது. அதற்கும் அன்றைக்கே மாத்திரை தொடங்கும் அவசரம் கிடையாது. தடித்த எழுத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் மிரட்டும். அந்த எண்களை எந்தச் சுரப்பி, எதற்காக அனுப்பியது என்று தெரிந்தால் பயம் பெருமளவு குறைந்துவிடும்.

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். இரண்டையும் சுரக்கிறது. முதலாவது சினைப்பைக்குப் போகும் கட்டளை, இரண்டாவது தைராய்டுக்குப் போகும் கட்டளை. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்தால், பிட்யூட்டரி அதை உணர்ந்து எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துக்கொள்ளும். தைராய்டு போதுமான தைராக்சினைச் சுரந்தால் டி.எஸ்.எச். அடங்கும். கீழே சுரப்பு குறைந்தால் மேலே கட்டளை உரக்கும். ஆகவே இந்த இரண்டு எண்களும் சினைப்பையோ தைராய்டோ எவ்வளவு சுரந்தன என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. பிட்யூட்டரி எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் சொல்கின்றன.

இரண்டும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு புரதச் சங்கிலிகள் இருக்கும். அவற்றில் ஆல்ஃபா சங்கிலி எஃப்.எஸ்.எச்., சினைப்பைக்குப் போகும் இன்னொரு கட்டளையான எல்.எச்., டி.எஸ்.எச்., கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஆகிய நான்குக்கும் பொதுவானது. வேறுபடுவது பீட்டா சங்கிலி மட்டுமே. இவ்வளவு ஒத்திருக்கும் மூலக்கூறுகளை, ஒரு துளி ரத்தத்தில் கோடிக்கணக்கான பிற புரதங்களுக்கு நடுவே பிரித்து எண்ண முடிகிறது என்பதே பெரிய சாதனை. எதிர்ப்பொருள்களை (குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடிப் பிடிக்கும் புரதங்களை) கொண்டு ஹார்மோனை அளக்கும் முறையை சாலமன் பெர்சனுடன் சேர்ந்து உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கு 1977-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பிட்யூட்டரியையே இயக்கும் மூளை ஹார்மோன்களைக் கண்டறிந்த ரோஜர் கில்லெமினும் ஆண்ட்ரூ ஷாலியும் அதே பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி எஃப்.எஸ்.எச்.சுக்கு வருவோம். சினைப்பையில் கருமுட்டைகள் தீர்ந்ததும் ஈஸ்ட்ரோஜன் விழுகிறது. அதோடு, எஃப்.எஸ்.எச்.சைத் தனியாக அடக்கிவந்த இன்ஹிபின் என்ற ஹார்மோனும் மறைகிறது. கட்டுப்படுத்த ஆளில்லாமல் எஃப்.எஸ்.எச். பத்து மடங்குக்கும் மேல் ஏறி, பல ஆண்டுகள் உயரத்திலேயே நிற்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான இயல்பு எல்லையாகப் பல ஆய்வக அறிக்கைகளில் சுமார் 25 முதல் 135 வரை அச்சிட்டிருப்பார்கள். 78 இதற்கு நடுவில் இருக்கிறது. பிறகு ஏன் தடித்த எழுத்து? மாதவிடாய் நின்றுவிட்டது என்பதை ரத்தம் எடுக்கும்போது யாரும் பதிவு செய்யாவிட்டால், கணினி அந்த எண்ணை மாதவிடாய் வரும் பெண்களின் எல்லையோடு ஒப்பிட்டுவிடும். எல்லைகளின் பட்டியலில் கடைசி வரியாக இருக்கும் மாதவிடாய்க்குப் பிந்தைய எல்லையைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டும்.

இந்த உயர்ந்த எஃப்.எஸ்.எச். ஒரு காலத்தில் உலகுக்கே மருந்தானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அது ஏராளமாக வெளியேறுகிறது. இத்தாலிய வேதியியலாளர் பியரோ டோனினி அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். பெருமளவில் தயாரிக்கப் பெரிய அளவில் சிறுநீர் வேண்டியிருந்தது. இத்தாலியக் கன்னியர் மடங்களில் இருந்த வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீகள் அதைத் தந்தார்கள். மருத்துவர் புரூனோ லுனன்ஃபெல்ட் அந்த மருந்தைக் கொடுத்துச் சிகிச்சை செய்த பெண்ணுக்கு 1962-இல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. பெர்கோனல் என்ற பெயரில் அது பல்லாண்டுகள் குழந்தையின்மைக்கான முதன்மை மருந்துகளில் ஒன்றாக இருந்தது. நம் அறிக்கையில் தடித்து நிற்கும் அதே ஹார்மோன்தான் அது. அது ஏறி நிற்பது நோய் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லத் தோன்றும்.

45 வயதைத் தாண்டிய, பன்னிரண்டு மாதமாக மாதவிடாய் வராத பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். பரிசோதனையே வேண்டியதில்லை. காலண்டர் போதும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மாதவிடாய் தள்ளித்தள்ளி வரும் காலத்தில் இந்தப் பரிசோதனை இன்னும் உதவாது. சினைப்பை அணையப்போகும் அந்தச் சில ஆண்டுகளில் எஃப்.எஸ்.எச். இந்த மாதம் 60, அடுத்த மாதம் 12 என்று ஏறி இறங்கும். ஒரு நாள் எடுத்த ரத்தம் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் கதை வேறு, அங்கே எஃப்.எஸ்.எச். அவசியம். அந்தப் பெண்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்கச் சிகிச்சை வேண்டும். புரோஜெஸ்டிரோன், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். போன்றவற்றையும் தொகுப்பில் சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள். மாதவிடாய் நின்றவருக்கு அவை அடிமட்டத்தில்தான் இருக்கும் என்பது ரத்தம் எடுக்கும் முன்பே தெரிந்த விஷயம்.

ஈஸ்ட்ரடையால் 10-க்கும் கீழே என்பதும் எதிர்பார்த்ததே. ஆனால் உடலில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு இல்லாமல் போய்விடுவதில்லை. அட்ரினல் சுரப்பி அனுப்பும் ஆண்ட்ரோஜன்களைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோன் என்ற வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. சாதாரண ஆய்வகக் கருவிகள் குழந்தைப்பேறு வயதின் அளவுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. இவ்வளவு தாழ்ந்த அளவில் அவற்றின் எண்ணை நம்ப முடியாது. 8 என்று வந்தாலும் 14 என்று வந்தாலும் அதில் பொருள் தேடுவது வீண். ஹார்மோன் சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு என்பதை உடல் சூடும் தூக்கமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள்.

டி.எஸ்.எச். 6.2-ஐ மட்டும் இப்படிக் கடந்து போக முடியாது. தைராய்டு குறைவின் அறிகுறிகளும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் தொல்லைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன: அசதி, எடை கூடுதல், முடி உதிர்தல், தோல் வறட்சி, மனச்சோர்வு. தைராய்டு மிகுந்தாலோ படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. எல்லாவற்றையும் ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று ஒதுக்கினால் உண்மையான தைராய்டு நோய் பல ஆண்டுகள் மறைந்துவிடும். அதனால் இந்த வயதில் டி.எஸ்.எச். பார்ப்பது நியாயமான செலவு என்றே நினைக்கிறேன்.

டி.எஸ்.எச். மிக நுட்பமான எண். ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு உயரக்கூடும். தைராக்சின் இம்மியளவு குறைந்தாலே அது எல்லையைத் தாண்டிவிடுவது இதனால்தான். நம் அறிக்கையில் ஃப்ரீ டி4 1.1, இயல்பான அளவு. பிட்யூட்டரி கொஞ்சம் உரக்கக் கேட்கிறது, தைராய்டும் கொடுத்துவிடுகிறது. இதற்கு அடுத்த படி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது. பலருக்கு எண் தானாகவே இறங்கிவிடும். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய், பிற்பகலில் தாழும் ஹார்மோன் என்பதால், இரண்டு முறையும் ஒரே ஆய்வகத்தில், காலையில் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. கூடவே தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உண்டா என்றும் பார்க்கலாம். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், டி.எஸ்.எச். உயர்வும் எதிர்ப்பொருளும் சேர்ந்து இருந்தவர்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேர் முழுமையான தைராய்டு குறைவுக்குப் போனார்கள். டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தவர்களில் அது 2.6 சதவீதம்.

வயது கூடக்கூட டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று ஏறும். அமெரிக்க மக்கள் தொகை ஆய்வில், தைராய்டு நோய் இல்லாத 80 வயதைத் தாண்டியவர்களின் மேல் எல்லை 7.5-ஐத் தொட்டது. ஆய்வகத்தாள் எல்லோருக்கும் ஒரே எல்லையை அச்சிடுகிறது. இலேசான டி.எஸ்.எச். உயர்வு இருந்த, 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த சோதனையின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. தைராக்சின் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியிலோ பிற அறிகுறிகளிலோ வித்தியாசம் இல்லை. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். அளவுக்கு மீறித் தைராக்சின் கொடுத்து டி.எஸ்.எச்.சை 0.1-க்கும் கீழே தள்ளுவது, மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பை அரிக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். ஈஸ்ட்ரோஜன் இழப்பால் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும் எலும்பு அது. இந்த ஆபத்தை நம் ஊரில் போதிய அளவு பேசுவதில்லை.

இனி, பரிசோதனையையே ஏமாற்றிவிடும் ஒரு பொருள்: முடி உதிர்வுக்கு வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. டி.எஸ்.எச்.சைப் பிடிக்கும் எதிர்ப்பொருளின் வாலில் பயோட்டின் இருக்கும். அந்த வாலைப் பற்றிக்கொள்ள, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் காத்திருக்கும். ரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்தால் மணிகளில் அதுவே முதலில் போய் ஒட்டிக்கொள்ளும். டி.எஸ்.எச். பிடிபடாமல் கழுவப்பட்டுவிடும், அதைக் காட்ட வேண்டிய ஒளி குறையும், கருவி குறைவு என்று எழுதும். ஃப்ரீ டி4 அளக்கும் முறை இதற்குத் தலைகீழ். அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று கணக்கு. ஆக, டி.எஸ்.எச். தாழ்ந்து, டி4 உயர்ந்து, தைராய்டு மிகைப்பு நோயின் அச்சு அசலான அறிக்கை வந்துவிடும். அதே ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். குறைவாகவும் ஈஸ்ட்ரடையால் அதிகமாகவும் காட்டி, மாதவிடாய் நிற்கவே இல்லையோ என்ற ஐயத்தையும் கிளப்பும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இது குறித்து எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாகப் பயோட்டினை நிறுத்திவிட வேண்டும். சாப்பிடுவதை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். ‘வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் நம்மில் பலர் இல்லை என்றுதான் சொல்வோம். முடிக்குச் சாப்பிடுவது மாத்திரைக் கணக்கில் சேராது என்ற எண்ணம்.

ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாதவிடாய் நின்றதும் எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை எழுதித் தருவார்கள். காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச். ஏறும், மாத்திரை அளவும் கூடும். குற்றம் தைராய்டின்மேல் இருக்காது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுவே விதி. எழுந்ததும் காபி குடிப்பவர்கள் தைராக்சினைச் சாப்பிட்டு அரை மணியாவது காபியைத் தள்ளிப்போட வேண்டும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்து நிற்கும்.

வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினாலும் கணக்கு மாறும். கல்லீரல் தைராக்சினைச் சுமக்கும் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். மொத்த டி4 உயரும். பயன்படக்கூடிய ஃப்ரீ டி4 தைராக்சின் மாத்திரையை நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்துபோகலாம். 2001-இல் வெளியான ஆய்வில் இத்தகைய 25 பெண்களில் 10 பேருக்குத் தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. தோலில் ஒட்டும் பட்டைக்கு இந்த விளைவு பெரிதாக இல்லை. தைராக்சினின் அரை ஆயுள் (ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் ஏழு நாள் என்பதால், எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஆறு வாரமாவது பொறுத்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்ணின் எஃப்.எஸ்.எச். பயனுள்ள தகவலாக மாறும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஃப்ரீ டி4 குறைந்திருக்கிறது, டி.எஸ்.எச். மட்டும் 2 என்று ஒழுங்காக இருக்கிறது என்றால், டி.எஸ்.எச்.சை மட்டும் பார்ப்பவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். டி4 குறைந்தால் டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டுமே? அறுபது வயதில் எஃப்.எஸ்.எச்.சும் 4 என்று வந்தால் ஐயம் உறுதியாகிறது. கட்டளையிடும் பிட்யூட்டரியே நோயில் இருக்கிறது. நம் நாட்டில் இதற்கு ஒரு காரணம் ஷீஹன் நோய். பிரசவத்தில் மிகுதியாக ரத்தம் போகும்போது பிட்யூட்டரிக்கு ரத்த ஓட்டம் நின்று அதன் திசு அழிந்துவிடுகிறது. அப்போது தாய்ப்பால் சுரந்திருக்காது, மாதவிடாய் திரும்பி வந்திருக்காது. ‘சீக்கிரம் நின்றுவிட்டது’ என்று குடும்பமும் விட்டுவிட்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து அசதி என்று வருபவரிடம் கடைசிப் பிரசவம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால்தான் வெளிப்படும். இவர்களுக்கு முதலில், பிட்யூட்டரியின் கட்டளைப்படி அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருக்கும் நிலையில் தைராக்சினை மட்டும் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் ஸ்டீராய்டு மாத்திரை முதலில், தைராக்சின் அதற்குப் பிறகு.