வளரிளம் பருவத்து மனச்சோர்வு: எண்ணுவது எப்படி?

அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில், ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானோர் 2005-இல் 9 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2014-இல் அது 11.3 ஆகவும் 2019-இல் 15.7 ஆகவும் உயர்ந்தது. அந்த 2019-இல் 18 முதல் 25 வயதினரிடமும் 15.2 சதவீதம். 'எங்கள் காலத்தில் யாருக்கு டிப்ரஷன் வந்தது?' என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கேள்வியை எடைபோட, இந்த எண் பிறக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இது மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்ததன்று. போதைப்பொருள் பயன்பாடு, மனநலம் ஆகியவை குறித்து அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் வீடு வீடாக நடத்தும் ஆய்வில் கிடைப்பது. பெற்றோரின் ஒப்புதலுக்குப் பிறகு பிள்ளையிடம் ஒரு மடிக்கணினியும் ஹெட்போனும் தரப்படும். கேள்வி காதில் ஒலிக்கும், பதிலைப் பிள்ளையே தட்டும். கேள்வியோடு வந்தவருக்கும் பக்கத்து அறையிலிருக்கும் அம்மாவுக்கும் அது தெரியாது. முடிவில் 30 டாலர் அன்பளிப்பு. முகத்துக்கு நேரே கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று முடித்துவிடும் வயது என்பதால், இந்த ஏற்பாடு அளவீட்டின் உயிர்நாடி என்றே சொல்வேன்.

சோகம், தூக்கக் கோளாறு, பசி மாற்றம், களைப்பு, கவனச் சிதறல், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவு பற்றிய நினைவு உள்ளிட்ட ஒன்பது அறிகுறிகள் உள்ளன. கடும் மனச்சோர்வு என்று எண்ண, அவற்றில் குறைந்தது ஐந்து ஒரே இரண்டு வார காலத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சோகமாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். தேர்வு முடிவு வந்த அன்றைய அழுகை இந்தக் கணக்கில் சேராது.

மருத்துவர்கள் இப்போது அதிகம் விசாரிக்கிறார்கள், அதனால்தான் எண் கூடுகிறது என்பது ஒரு வாதம். 12 முதல் 18 வயதினரிடம் மனச்சோர்வைத் தேடிப் பார்க்கும் பரிந்துரை 2016-இல் புதுப்பிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வீட்டு ஆய்வில் ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மனம்விட்டுச் சொல்லும் துணிச்சல் வளர்ந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு உண்டு. என்றாலும், 10 முதல் 24 வயதினரின் தற்கொலை மரணம் 2007-இல் லட்சத்துக்கு 6.8 ஆக இருந்து 2017-இல் 10.6 ஆனதற்கு அது விடையாகாது.

கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, காலமும் பொருந்துகிறது. ஆனால் திரைநேரத்துக்கும் மனச்சோர்வுக்கும் இடையே ஆய்வுகளில் பெரும்பாலும் தென்படும் தொடர்பு சிறியது. சோர்ந்த பிள்ளைதான் கைப்பேசிக்குள் ஒதுங்குகிறதா என்பதையும் அது சொல்வதில்லை. பாதிப்பு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது: 2014-இல் சிறுமியரில் 17.3 சதவீதம், சிறுவரில் 5.7. பூப்பெய்தும் வயதையொட்டித் திறக்கும் இந்த இடைவெளிக்கு ஹார்மோன், உறவுச் சிக்கல், உடல்தோற்றக் கவலை எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

2020-இல் கொரோனாவால் வீட்டு நேர்காணல் தடைபட்டு, இணையவழிக் கேள்வி சேர்ந்தது. எனவே 2021-இன் 20.1 சதவீதத்தைப் பழைய எண்களோடு அப்படியே ஒப்பிட்டு, ஏற்றத்தில் நோயின் பங்கு எவ்வளவு, கேட்ட விதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துவிட முடியாது.