ஆவுளியாவின் கை

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாத விடியற்காலை வனத்துறையிலிருந்து போன் வந்தது. தொண்டிக்குத் தெற்கே கடற்பசு ஒன்று இறந்து கரையொதுங்கியிருக்கிறது, பிரேதப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். நான் கால்நடை மருத்துவர். என் நாட்களில் பெரும்பகுதி மடிவீக்கம், சினை ஊசி, ஆட்டுக்குத் தடுப்பூசி என்றுதான் போகும். ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் வேலை பார்த்தால் ஆமையும் ஓங்கில் என்கிற டால்பினும் ஆவுளியாவும் நம் கணக்கில் வந்துவிடும். கடற்புல் மேயும் பாலூட்டியான கடற்பசுவை எங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்றுதான் சொல்வார்கள்.

போனபோது நல்ல கூட்டம். வயசான மீனவர் ஒருவர் என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். "துடுப்ப அறுத்துப் பாருங்க சார், உள்ள மனுசக் கை இருக்கும்னு எங்க அய்யா சொல்வாரு."

அவர் அய்யா சொன்னது சரி. தோலை உரித்தால் தோள் எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அக்குளில் இரண்டு பால்காம்புகள். நெஞ்சைத் திறந்தால் இதயத்தின் அடிநுனி இரண்டாகப் பிளந்திருக்கும். யானையின் இதயமும் இப்படித்தான். பின்பக்கம் தசைக்குள் தேடினால் ஒல்லியாக இரண்டு இடுப்பு எலும்புகள் கிடைக்கும். அவற்றோடு சேர வேண்டிய கால்கள்தான் இல்லை.

"யானைக்கும் காம்பு முன்னங்காலுக்கு நடுவுலதானே சார் இருக்கும்?" என்றார் அவர். கோயில் யானையை உற்றுப் பார்த்த மனிதர். ஆமாம், யானையும் இதுவும் பங்காளிகள் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் பூமி இன்றைவிட நல்ல சூடாக இருந்தது. துருவங்களில் பெரிய பனிப்பாளம் கிடையாது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்ற கடல் கிடந்தது. வெதுவெதுப்பான ஆழமற்ற கரைகள், அவற்றில் கடற்புல் படுகைகள். யானையும் கடற்பசுவும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. அந்த வம்சத்தில் ஒரு கிளை மேய்ச்சலைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கியது. ஜமைக்காவில் அந்தக் காலத்துக் கடற்பசு ஒன்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. பெஸோசைரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு நான்கு கால்களும் இருந்தன, தரையில் நடக்க முடிந்தது. ஆனால் விலா எலும்புகள் அப்போதே கனத்துவிட்டன. தண்ணீருக்குள் மிதக்காமல் அடியில் நின்று மேய அந்தக் கனம் வேண்டும். எங்கள் ஆவுளியாவின் விலா எலும்பை அறுத்தாலும் உள்ளே மஜ்ஜைக்குக் குழி இருக்காது, கல் மாதிரி கெட்டி.

இதற்கிடையில் இந்திய நிலம் வடக்கே போய் ஆசியாவில் முட்டியது. டெத்திஸ் மூடிக்கொண்டு இமயமலை எழுந்தது. சுமார் 3.4 கோடி வருடங்களுக்கு முன் அண்டார்டிகாவில் பனி படரத் தொடங்கி, உலகமே குளிர்ந்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில், இன்று வறண்டு கிடக்கும் பாறைகளில், கடற்பசு எலும்புகள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பல வகையாக இருந்த வம்சத்தில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். குளிர்கடலுக்குப் பழகி, கடற்பாசி தின்று, பிரம்மாண்டமாக வளர்ந்த ஒன்று வட பசிபிக்கில் இருந்தது. ஸ்டெல்லர் கடற்பசு. 1741-ல் மனிதர்கள் அதைப் பார்த்தார்கள். 27 வருடங்களில் கடைசிவரை கொன்று தின்று முடித்தார்கள்.

சரி, அந்தக் கை எங்கிருந்து வந்தது? அது இன்னும் பழைய கதை. கனடாவின் வடகோடியில் 2004-ல் 37.5 கோடி வருடத்துப் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. திக்தாலிக் என்ற மீன். அதன் துடுப்புக்குள் மேலே ஓர் எலும்பு, அதன் கீழே இரண்டு, அப்புறம் மணிக்கட்டு போலச் சிறு எலும்புகள். ஆழமில்லாத தண்ணீரில் உடம்பை ஊன்றித் தூக்கிய துடுப்பு அது. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அந்தக் காலத்து மீன்கள் பலவற்றுக்கு நுரையீரலும் இருந்தது. நம் கண்மாயில் கோடையில் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறுப்பு வேறு, நெருக்கடி அதேதான். அந்தத் துடுப்பு பிறகு காலானது, நிலத்தில் நடந்தது, ஆவுளியாவில் மறுபடி துடுப்பானது. எலும்புகளின் வரிசை மட்டும் மாறவில்லை.

துடுப்பு திரும்பி வந்தது, செவுள் திரும்பி வரவில்லை. அன்று கரையில் கிடந்த ஆவுளியா செத்ததற்குக் காரணம் அதுதான். மூச்சுக்குழாய் நிறைய நுரை. கழுத்திலும் துடுப்படியிலும் வலைக்கயிறு அறுத்த தடம். முதுகை ஒட்டிப் பின்பக்கம் வரை நீண்ட பெரிய நுரையீரல்தான் அதற்கு. ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை வெளியே நீட்டியே ஆக வேண்டும். வலையில் சிக்கிய சுறா கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும், ஆவுளியாவுக்கு அந்த அவகாசம் கிடையாது. கடலில் வாழ்வதால் மூழ்காது என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் தப்பு.

சுமார் 20,000 வருடங்களுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அப்போது இதெல்லாம் தரை. யானைகள் இலங்கைக்கு நடந்து போனது இந்த நிலப்பாலம் வழியாகத்தான். பனி உருகிக் கடல் ஏறி, கடற்புல் முளைத்த பிறகு, அதே தரையில் பங்காளி மேய வந்தது.

இத்தனை மாற்றத்தையும் தாங்கிய உடம்பு ஏன் இப்போது திணறுகிறது என்று கேட்பார்கள். அவசரப்படத் தெரியாத உடம்பு அது. ஒரு வருடத்துக்கும் மேல் சினை, ஒரே ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. நைலான் வலை வந்து ஒரு மனித ஆயுள்தான் ஆகிறது. ஆமைக்கும் இதே சிக்கல்தான், அங்கே வேகமாக மாறுவது சூடு. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போகப் போகப் பெண்ணாகவே பொரியும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டு வடபகுதியில் இளம் பேராமைகளில் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

வலையில் ஆவுளியா தட்டுப்பட்டால் முதலில் அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள், பிறகு வலையை அறுங்கள். வாலைக் கட்டிக் கரைக்கு இழுக்கவே கூடாது, தலை தண்ணீருக்குள் போய்விடும். ஆமை அசையாமல் வந்தால் செத்தது என்று உடனே கடலில் வீசாதீர்கள். மல்லாக்கப் போடாமல் குப்புற வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு வையுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். நுரையீரலிலிருந்து தண்ணீர் வடிய நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தானாகத் தலையைத் தூக்கி அசைந்த பிறகு மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள்.

செத்தே ஒதுங்கினாலும் புதைப்பதற்கு முன் வனத்துறைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். கேஸ் வந்துவிடுமோ என்று பயந்து இரவோடு இரவாகக் குழி தோண்டுகிறார்கள். இரண்டு நாள் வெயிலில் ஊதிய உடம்பைத் திறந்தால் என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை, அறிக்கையில் 'காரணம் கண்டறிய இயலவில்லை' என்று எழுதிவிட்டு வருகிறேன்.