இருபது பாட்டில் ஆர்.எல்.

2023 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு மேல் போன் வந்தது. என் தீக்காய வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த பெண், நியூயார்க்கிலிருந்து. அணு ஆயுதத் தடை ஒப்பந்த நாடுகளின் இரண்டாவது கூட்டம் அங்கே ஐ.நா.வில் நடந்துகொண்டிருந்தது. மருத்துவ மாணவர் சிலரோடு இவளும் போயிருந்தாள்.

"சார், நாளைக்கு ஒரு தூதர்கிட்ட பேசணும். அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. என்ன சொல்றதுன்னே தெரியல."

"என்னம்மா எழுதி வெச்சிருக்க?"

படித்துக் காட்டினாள். உலக அமைதி, மனித குலம், வருங்காலத் தலைமுறை. தப்பில்லை. ஆனால் அந்தத் தூதர் காலையிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்? "அதெல்லாம் பேச அவங்களே இருக்காங்க. நீ நம்ம வார்டைப் பத்திச் சொல்லு" என்றேன்.

வார்டில் நடப்பது இதுதான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், உடம்பில் நாற்பது சதவீதம் வெந்த நிலையில் வருகிறார். அவருக்கு நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணக்கிட, 4 மில்லியை எடையாலும் வெந்த சதவீதத்தாலும் பெருக்க வேண்டும். 9,600 மில்லி வரும். அரை லிட்டர் பாட்டிலாகக் கணக்குப் போட்டால் முதல் நாளில் மட்டும் ஏறக்குறைய இருபது பாட்டில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவம்). அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த எட்டு மணி நேரம் காயம் பட்ட நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நிமிஷத்திலிருந்து அல்ல. புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது. மணிக்கு மணி சிறுநீர் அளக்க ஒரு ஆள் வேண்டும். அப்புறம் டிரஸ்ஸிங், ரத்தம், தோல் ஒட்டு என்று வாரக்கணக்கில் போகும். இப்படி மூன்று பேர் ஒரே ராத்திரியில் வந்துவிட்டால் எங்கள் வார்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அணுகுண்டு இதையே ஆயிரக்கணக்கில், ஒரே நிமிஷத்தில் கொண்டுவருகிறது. கதிர்வீச்சு வேறு. வெந்த உடம்பு கிருமியோடு போராட வெள்ளை அணுக்கள் வேண்டும். அவற்றை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையைத்தான் கதிர்வீச்சு முதலில் அடிக்கிறது. முதல் வாரத்தைத் தாண்டியவர் பிழைத்துவிட்டார் என்று நினைக்கும்போது காய்ச்சலும் ரத்தக்கசிவும் தொடங்கும்.

வைத்தியம் பார்க்க யார் இருப்பார்கள் என்பதற்கு ஹிரோஷிமா பதில் சொல்லிவிட்டது. அங்கிருந்த சுமார் 300 மருத்துவர்களில் 270 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். 1,780 செவிலியரில் 1,654 பேருக்கும் அதே கதி. செஞ்சிலுவைச் சங்கத்தின் சுவிஸ் மருத்துவர் மார்செல் ஜூனோ சுமார் 15 டன் மருந்துப் பொருட்களோடு போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 8-ஆம் தேதி. குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. எங்கள் எட்டு மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"டாக்டர் சொன்னா கேட்டுடுவாங்களா சார்?" என்றாள். கேட்டிருக்கிறார்கள். 1958 முதல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர் தலைமையில் குழந்தைகளின் பால்பற்களைச் சேகரித்தார்கள். வெட்டவெளி அணுகுண்டுச் சோதனையில் கிளம்பும் ஸ்ட்ரான்ஷியம்-90 புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் வைத்துக்கொள்ளும். அம்மாக்கள் அனுப்பிவைத்த பற்கள் கடைசியில் மூன்று லட்சத்தைத் தாண்டின. தரைக்கு மேல் சோதனை நடத்துவதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963-இல் மாஸ்கோவில் கையெழுத்தானது. பல் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் வாயிலிருந்து விழுந்த பல்லை மறுத்துப் பேச எந்த அதிகாரியாலும் முடியவில்லை.

பெர்னார்ட் லௌன், யெவ்கெனி சாசோவ் கதையும் சொன்னேன். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் சோவியத்காரர், இருவருமே இதய மருத்துவர்கள். 1980-இல் இவர்கள் தொடங்கிய மருத்துவர் அமைப்புக்கு 1985-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆஸ்லோ பத்திரிகையாளர் சந்திப்பில் சாசோவை நிருபர்கள் துளைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சோவியத் நிருபர் மாரடைத்துச் சரிந்தார். இருவரும் ஓடிப்போய் மற்ற மருத்துவர்களோடு சேர்ந்து அவர் நெஞ்சை அமுக்கினார்கள். ஆள் பிழைத்தார். இதைவிடப் பொருத்தமான பேட்டியை யாராலும் திட்டமிட்டுத் தந்திருக்க முடியாது.

தூதர் கட்டாயம் பாதுகாப்பு, எதிரி நாடு, அச்சுறுத்தல் என்று ஆரம்பிப்பார். அந்த வாதத்துக்குள் போகாதே என்றேன். அது அவர் ஆட்டம், அதில் நாம் தோற்போம். "அது என் துறை இல்லை, ஆனா அதுக்கு மறுநாள் காலையில வார்டுல நிக்கப்போறது நாங்க" என்று திரும்பி வந்துவிட வேண்டும். இன்னொன்று, கேட்பதைச் சின்னதாகக் கேட்க வேண்டும். "அணு ஆயுதத்தை ஒழியுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். தடை ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவ உதவியும் மறுவாழ்வும் மனநல ஆதரவும் தரச் சொல்கிறது. அதற்கு உங்கள் நாடு என்ன செய்யும் என்று கேட்டால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அணு ஆயுதப் போரின் உடல்நல விளைவுகள் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 1987 அறிக்கையைப் புதுப்பிக்கும் தீர்மானம் 2025 மே மாதம் நிறைவேறியதும் இப்படிச் சின்னதாகக் கேட்டதால்தான் என்று நினைக்கிறேன். 86 நாடுகள் ஆதரவு, 14 எதிர்ப்பு. பழைய அறிக்கையைப் புதுப்பிக்கக்கூட எதிர்ப்பா என்று எனக்குக் கோபம் வந்தது, அது வேறு விஷயம்.

இலங்கை 2023 செப்டம்பரில் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. ஆனால் 2013-இல் அணு ஆயுதங்களின் மனிதாபிமான விளைவுகள் பற்றி ஆஸ்லோவில் நடந்த மாநாட்டை ஐந்து வல்லரசுகள் புறக்கணித்தபோது, இந்தியாவும் பாகிஸ்தானும் போயிருந்தன. அந்தக் கதவு முழுக்க மூடியில்லை என்பது என் கணிப்பு.

மறுநாள் ராத்திரியும் கூப்பிட்டாள். இருபது பாட்டில் கணக்கைச் சொன்னதும் தூதர் பேனாவை எடுத்தாராம். தன் நாட்டில் மொத்தம் எத்தனை தீக்காயப் படுக்கை இருக்கிறது என்று அவளையே திருப்பிக் கேட்டாராம்.

"எனக்குத் தெரியல சார். முழிச்சேன்."

அதைப் பார்த்துக்கொண்டு போகச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அடுத்த தடவை போகிறவர்கள் யாருடன் பேசப்போகிறார்களோ அந்த நாட்டின் படுக்கை எண்ணிக்கையை முதலிலேயே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.