பங்காளிகளே, விற்றவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

போன வாரம் பல்லடம் பக்கம் தறி ஓட்டும் ஒரு தம்பி, மனைவியோடு ஆடிட்டரான என் ஆபீசுக்கு வந்தார். 186 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 62-ல் நிற்கிறது. அதைச் சொல்லும்போதே போனை நீட்டி, பங்கு வாங்குகிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் வந்த வடிவேலு ஸ்டிக்கரைக் காட்டிச் சிரித்தார். அங்கே எல்லோரும் பங்காளிகள். யார் பங்காவது லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் விழ அனுமதித்த எல்லை வரை விழுந்து, மாட்டினால், “வாங்க பங்காளி, உங்களுக்கும் எலை போட்டாச்சு” என்று வரவேற்பு. மனைவி நகைக்கடன் ரசீதை நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். “ஏனுங்கண்ணா, இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?” என்றார்.

இந்த வருடம் இப்படி வந்தவர்கள் பல பேர். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

நஷ்டப்பட்டவரைத் தனியாக விடாத நட்பு நல்லதுதான். ஆனால் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற இடத்தில், விற்றுவிட்டுக் கிளம்புகிறவர் துரோகி மாதிரி ஆகிவிடுகிறார். கூடவே ஒரு வேதவாக்கு: “விக்காத வரைக்கும் நஷ்டமில்லை பங்காளி.” எனக்குக் கோபம் வருவது இதில்தான். வருமான வரிக்கு விற்றால்தான் நஷ்டம், சரி. அது வரிக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் 186 போய் 62 ஆகிவிட்டது. பழைய விலைக்கு வர அது மூன்று மடங்காக வேண்டும். 2010-ல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000-ஐத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று மூட்டையை அடுக்கி வைத்தவர்கள், அப்புறம் விலை விழுந்து பட்ட பாட்டை நாம் பார்த்தோமே! கிடங்கில் பத்திரமாகத்தான் இருந்தது மஞ்சள். கையில் இன்று 62 ரூபாய் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

விட்டதைப் பிடிக்க, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரியான ஆப்ஷனில் இறங்காதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் (இதுவும் அதே மாதிரி விலைப் பந்தயம்தான்), ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே விட்டிருந்தால் அந்த நஷ்டத்தை மறைக்காமல் கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ள எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். வெட்கப்பட்டுக்கொண்டு காட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நகையை அடகு வைத்துப் பங்கு வாங்காதீர்கள். டிப்ஸ் தருகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். வேறு ஏதோ ஆப்பில் பணம் போடச் சொல்லி ஏமாற்றிவிட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் அடியுங்கள்.

குரூப் அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு அந்தத் தம்பி “வித்துட்டேன், நகையைத் திருப்பறேன்” என்று எழுதினால், கேலி செய்யாமல் “நல்லது பங்காளி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.