ப்ளூ ஹவர் பிளெண்ட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பால்வீதிப் படம் எடுப்பவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் இது. "மேலே நைட், கீழே ப்ளூ ஹவர், ரெண்டையும் பிளெண்ட் பண்ணினது" என்பார்கள். சொல்ல வருவது இதுதான்: டிரைபாடை அசைக்காமல் வைத்து, வெளிச்சம் முழுதாக அடங்குவதற்குள், வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும் ப்ளூ ஹவரில், பாறை, மரம், கட்டடம் என்று தரையில் இருப்பதை ஒரு படம் எடுத்துக்கொள்வது, நன்றாக இருட்டியதும் அதே இடத்திலிருந்து விண்மீன்களை இன்னொரு படம் எடுப்பது, அப்புறம் கணினியில் இரண்டையும் தொடுவானத்தை ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்குவது.

ஏன் இரண்டு தடவை எடுக்க வேண்டும்? நிலா இல்லாத இரவில் பால்வீதி விழ வேண்டுமென்றால் லென்ஸை எஃப்/2.8 அளவுக்கு அகலத் திறந்து (எண் சிறிதானால் திறப்பு பெரிது), கேமரா ஒளிக்கு இணங்கும் அளவான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றி, அகலக் கோண லென்ஸில் 15 முதல் 20 விநாடி வரை பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் நீட்டினால் பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடத் தொடங்கும். அந்த 20 விநாடிக்குள் வானம் கிடைத்துவிடும், தரை கிடைக்காது. கறுப்பும் அதன்மேல் மணல் தூவியதுபோல நாய்ஸ் என்கிற புள்ளிகளும்தான் மிஞ்சும். தவிர, அவ்வளவு திறந்த லென்ஸில் பக்கத்துப் பாறையும் விண்மீனும் ஒருசேரக் கூர்மையாக விழாது. இதே பாறையைச் சற்று முன்னால், கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தால் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, சில விநாடிகள் போதும், கல்லில் உள்ள பொரிவுகூடத் தெரியும். டிராக்கர் பொருத்தி எடுப்பவர்களுக்கோ வேறு வழியே இல்லை. கேமரா விண்மீன்களோடு சேர்ந்து நகர்வதால் தரை கலங்கிவிடும், தரைக்கென்று தனிப்படம் எடுத்தே ஆகவேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ப்ளூ ஹவர் என்பது பிரெஞ்சுக்காரர்களின் 'லெர் ப்ளூ' என்ற வழக்கிலிருந்து வந்தது. அந்தப் பேர் 1912இலேயே கெர்லான் நிறுவனத்தின் வாசனைத் திரவியம் ஒன்றுக்கு வைக்கப்பட்டது. பிரெஞ்சில் அந்த 'லெர்' வெறும் அறுபது நிமிடக் கணக்கைக் குறிப்பதல்ல, 'பொழுது', 'வேளை' என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் ஹவர் ஆனபோது ஒரு மணி நேரம் என்ற எண்ணம் உள்ளே புகுந்துவிட்டது. தமிழில் 'நீல மணிநேரம்' என்று எழுதுவது இரண்டு படி தள்ளிப்போன தவறு.

தவறு என்று சொல்வதற்கு இலக்கணம் மட்டும் காரணமில்லை, வானமும் காரணம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 பாகையிலிருந்து (டிகிரி) 8 பாகை இறங்கும் வரைதான் இந்த ஆழ்ந்த நீலம். ஜூன் நடுவில் தனுஷ்கோடியில் நின்றால் மாலை ஆறரை வாக்கில் சூரியன் மறையும், 6.45 முதல் 7.05க்குள் நீலம் வந்து போய்விடும். இருபது நிமிடம்கூட முழுசாகக் கிடையாது. அதே ஜூனில் லண்டனில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இது நம்மைவிட வெகுநேரம் நீடிக்கும், ஆனால் அங்கே அந்த மாதத்தில் சூரியன் 18 பாகைக்குக் கீழே போவதே இல்லை, அதனால் வானம் முழு இருட்டு ஆவதே இல்லை. நமக்கோ ஏழு ஐம்பதுக்கெல்லாம் முழு இருட்டு. தரையை எடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால் வானம் தயார். இந்த உத்திக்கு நம் அகலாங்கு (அட்சரேகை) அவ்வளவு தோதானது.

நீலம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான சேதி. பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். சூரியன் மறைந்த பிறகு தலைக்கு மேலே தெரியும் நீலத்துக்கு அது மட்டும் போதாது. அப்போது சூரிய ஒளி ஓசோன் படலத்தை நீளவாக்கில் கடந்து வருகிறது, ஓசோன் அதிலிருந்து மஞ்சளையும் ஆரஞ்சையும் உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் 1953இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் எல்லோருக்கும் வாயில் வருவது அந்தி. நல்ல சொல்தான், பகலும் இரவும் சந்திக்கும் பொழுது. ஆனால் தமிழ்க் காதுக்கு அந்தி என்றாலே சிவப்பு. செக்கர் வானத்தைத்தான் அந்திவானம் என்கிறோம், செம்மேனியனான சிவனுக்கு அந்திவண்ணன் என்று பேர். நாம் தேடுவதோ அந்தச் சிவப்பு வடிந்த பிறகு வருவது. ஈழத்தில் மைமல் பொழுது என்பார்கள், காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் அது மாலைக்கு மட்டுமே உரியது. விடியலுக்கு முன்னும் இதே நீலம் வருகிறதே?

எனக்குச் சரியாகப் படுவது கருக்கல். "கருக்கல்ல எந்திரிச்சு தண்ணி பாய்ச்சப் போனாரு" என்றால் விடியாத நேரம், "கருக்கலாயிடுச்சு, விளக்கு வை" என்றால் இருட்டத் தொடங்கும் நேரம். இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், ஆளை அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்த அளவு வெளிச்சத்தையும் துல்லியமாகச் சொல்கிறது. நீலம் என்ற நிறம் அதில் இல்லையே என்பார்கள். இருக்கட்டும், நிறம் படத்தில் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் 'நீலக் கருக்கல்' என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது பிளெண்ட். கலத்தல் என்ற பொருள் கொண்ட பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அகராதியைத் திறந்து 'கலவை' என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் கலவையில் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க முடியாது. இங்கே வானம் வானமாகவும் தரை தரையாகவும் அப்படியே இருக்கின்றன, சேரும் இடம் மட்டும் தெரியாமல் போகிறது. ஆகவே 'இணைப்பு' போதும். கருக்கல் இணைப்பு. கீழ்ப்பாதியைக் குறிக்கும் ஃபோர்கிரவுண்டுக்கு முன்புலம் என்று சொல்லலாம். பின்னணிக்கு ஜோடியாக 'முன்னணி' என்றால் முன்னணி நடிகர்தான் நினைவுக்கு வருவார்.

காம்போசிட் என்பது இதைவிடப் பரந்த சொல், அதைக் கூட்டுப்படம் எனலாம். லடாக்கின் ஹான்லேவில் எடுத்த வானத்தைத் தனுஷ்கோடித் தேவாலயச் சுவருக்கு மேலே வைத்தால் அது கூட்டுப்படம், கருக்கல் இணைப்பு ஆகாது. ஒரே இடம், ஒரே திசை, ஒரே நாள் என்ற மூன்றும் இருந்தால்தான் இந்தப் பேரைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பார்ப்பவர் அந்த இடத்துக்குப் போனால் அந்தக் காட்சி அங்கே இருக்க வேண்டும் இல்லையா?

வானையும் தரையையும் தனித்தனியே எடுத்துச் சேர்ப்பது கணினி வந்த பிறகு பிறந்த பழக்கமல்ல. 1850களில் பிரான்சின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை இப்படித்தான் செய்தார். அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இணங்கும், கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துப்போகும். அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் சேர்த்து அச்சிட்டார். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேலே வைத்ததும் உண்டு. நாம் மேலே பிரித்த கணக்குப்படி அதெல்லாம் கூட்டுப்படம்.

இணைப்பு நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் திசையில் இருக்கிறது. ஜூன் நடுவில் இருட்டியதும் பால்வீதியின் மையம் தென்கிழக்கே, தனுஷ்கோடியில் கிட்டத்தட்ட 15 பாகை உயரத்தில் நிற்கும். நீங்கள் தென்கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள், சூரியன் மறைந்த வடமேற்கு முதுகுக்குப் பின்னால். அதனால் கருக்கல் வெளிச்சம் நேராக முன்புலத்தின் முகத்தில் மெத்தென்று விழும். நடுநிசிக்குள் மையம் 50 பாகைக்கு மேல் ஏறிவிடும், அப்போது தேவாலயமும் அதுவும் ஒரே சட்டகத்துக்குள் அடங்குவது கஷ்டம். அக்டோபரில் மையம் தென்மேற்குக்கு வந்துவிடுகிறது. வெளிச்சமும் அதே பக்கம் என்பதால் சுவரின் நம் பக்கம் இருண்டு, விளிம்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்த விளிம்பை இரவு வானத்தோடு சேர்க்கும்போது ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதே, இணைப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

தண்ணீரும் காட்டிக்கொடுக்கும். கருக்கலில் எடுத்த அசையாத குட்டையில் விண்மீன் தெரியாது, மேலே மட்டும் பால்வீதி கொட்டிக் கிடக்கும். குட்டை இருந்தால் அந்தப் பகுதியை இரவிலும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். முன்புலத்தின் வெளிச்சத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள், இரண்டு படத்துக்கும் நிறச் சாயலை முடிவுசெய்யும் வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வின் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். இலை அடர்ந்த மரத்தைத் தொடுவானத்தில் வைக்காமலிருந்தால் வானையும் தரையையும் பிரித்து மறைக்கும் மாஸ்க் போடும் வேலை பாதியாகும்.

பிப்ரவரி, மார்ச்சில் வரிசை தலைகீழ். மையம் பின்னிரவில்தான் எழும், ஆகவே முதலில் வானம், அப்புறம் விடியற்கருக்கலில் தரை. படத்துக்குக் கீழே 'விடியற்கருக்கல் இணைப்பு: வானம் 4.30, முன்புலம் 6.05' என்று நேரத்தோடு எழுதினால் பார்க்கிறவர் வேறெதுவும் கேட்க வேண்டியிருக்காது.