அலியா, டைசனா? கணக்கு எங்கே உதைக்கிறது

காரைக்குடியில் ஹெவிவெயிட், அதாவது உச்ச எடைப் பிரிவுக் குத்துச்சண்டை பேசுகிற ஆட்கள் கொஞ்சம்தான். ஆனால் செக்காலை ரோட்டு டீக்கடையில் அந்தக் கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டால் 'அலியா, டைசனா' என்று ஆரம்பித்துக் கடை சாத்துகிற வரை ஓயாது. "எதுக்குண்ணே சத்தம், செஸ் மாதிரி ஈலோ போட்டா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றான் ஒரு தம்பி. நம்மூர்ப் பையன் பிரனேஷ் 2023-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், அதனால் இங்கே ஈலோவை யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்றாலும் சுருக்கமாக: வெற்றி தோல்வியை வைத்து ஆளுக்கு ஒரு புள்ளி, அதில் 200 புள்ளி முன்னால் இருப்பவர் நாலில் மூன்றை ஜெயிப்பார் என்று கணக்கு. அப்படியே நடந்தால் புள்ளி கொஞ்சம் நகரும், கவிழ்ந்தால் நிறைய நகரும்.

நேரில் மோதாதவர்களையும் இதில் கோக்கலாம் என்பதுதான் அழகு. பழைய சாம்பியன் ஜோ லூயிஸை மார்சியானோ 1951-ல் அடித்தார், 1955-ல் ஆர்ச்சி மூரையும். மூரை 1962-ல் அலி, அலியை 1980-ல் ஹோம்ஸ், ஹோம்ஸை 1988-ல் டைசன், டைசனை 2002-ல் லெனாக்ஸ் லூயிஸ். சங்கிலி எங்கேயும் அறவில்லை.

சரி, தோற்றவர்களின் வயது? ஜோ லூயிஸுக்கு 37, அலியிடம் விழுந்தபோது மூருக்கு நாற்பது தாண்டிவிட்டது, அலிக்கும் ஹோம்ஸுக்கும் 38. தலைமுறை மாறுகிற ஒவ்வொரு முடிச்சிலும் ஓய்ந்துபோன பழையவர்தான் புதியவரிடம் அடி வாங்குகிறார். உச்சத்தில் இருந்த அலியைப் பற்றி 1980 சண்டை எதுவுமே சொல்லவில்லை, ஆனாலும் கணக்கு அவர் புள்ளியை எடுத்து ஹோம்ஸிடம் கொடுத்துவிடும். புள்ளி எப்போதும் பின்னால் வந்தவர் பக்கமே சாய்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதற்கு வயது காரணமில்லை. 1971-ல் அலியை ஃப்ரேசியர் ஜெயித்தார், 1973-ல் அந்த ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார், 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனை அலி சாய்த்தார். குனிந்து முன்னேறி வரும் ஃப்ரேசியர், கீழிருந்து மேலே குத்தும் ஃபோர்மனுக்கு அல்வா. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஆளைக் களைக்க வைத்த அலியிடம் அதே ஃபோர்மன் மூச்சு வாங்கினார். ஆளுக்கு ஒரே ஒரு எண் கொடுத்தால் இந்த வட்டத்தை எப்படி எழுதுவது?

எடையாவது கைகொடுக்குமா என்றால், மார்சியானோ சுமார் 85 கிலோ, இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட் பிரிவு. ஆனால் 2024-ல் ஏறக்குறைய 119 கிலோ ஃப்யூரியை 101 கிலோ உசிக் ஜெயித்தாரே!

கூட ஆடியவர்களைவிட ஒருவர் எவ்வளவு உயரத்தில் நின்றார், எத்தனை வருஷம் நின்றார் என்று பார்ப்பதுதான் எனக்கு ஓரளவு நியாயமாகப் படுகிறது. 1937 முதல் 1949 வரை பட்டத்தை விடாமல் 25 முறை காப்பாற்றிய ஜோ லூயிஸுக்கே என் ஓட்டு, டைசன் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.