டொமெஸ்டீக்: திட்டில் பிறந்த தொழிற்பெயர்

டூர் டி பிரான்ஸ் போன்ற சாலை சைக்கிள் பந்தயங்களின் வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சொல் டொமெஸ்டீக். தான் ஜெயிப்பதற்காக இல்லாமல், அணித் தலைவரை ஜெயிக்க வைப்பதற்காகவே பெடல் மிதிக்கும் தொழில்முறை வீரருக்கு இந்தப் பெயர். பிரெஞ்சில் இதன் நேர்ப்பொருள் வீட்டு வேலைக்காரர். வீட்டைக் குறிக்கும் 'தோமுஸ்' என்ற லத்தீன் சொல்தான் வேர். விமான நிலையப் பலகையில் நாம் பார்க்கும் 'டொமெஸ்டிக்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான்.

இந்தப் பெயர் மரியாதையாக வைத்ததல்ல, திட்டியது. 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜுக்கு, பந்தயம் என்றால் ஒவ்வொருவரும் தன் காலை மட்டுமே நம்பி ஓட்டுவது. அடுத்தவர் கை பட்டாலே குற்றம். 1913இல் யூஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரருக்கு, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே மலையில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலையடிவார ஊர் வரை நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்பதற்காக அவருக்கு அபராத நிமிடங்கள் விதித்தார்கள். அவ்வளவு கெடுபிடி.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1911 பந்தயத்தில், மொரீஸ் ப்ரோக்கோ என்பவர் நேரத்தை நிறையக் கோட்டைவிட்டு, இனி ஜெயிக்க வழியில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். சரி, சும்மா ஓட்டுவதற்குப் பதில் நாலு காசாவது பார்ப்போம் என்று, முன்னாள் சாம்பியன் பிரான்சுவா ஃபாபேரோடு சேர்ந்து அவருக்கு உதவியாக ஓட்டினார். தெக்ரான்ஜுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் பத்திரிகையில் அவரைத் தகுதியற்றவர் என்றும், வெறும் டொமெஸ்டீக் என்றும் எழுதினார். ப்ரோக்கோ பதிலைச் சாலையில் சொன்னார். மறுநாள் மலைகளில் எல்லோரையும் பின்னால் விட்டு, 34 நிமிட வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டா இன்னொருவருக்கு விற்றாய் என்று தெக்ரான்ஜ் அவரைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தெக்ரான்ஜின் எண்ணம் நிலைக்காததற்குக் காரணம் காற்று. சமதளத்தில் ஒரு வீரரின் பலத்தில் பெரும்பகுதி எதிர்காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் ஓட்டினால் கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சமாகும். மூன்று வாரம், 21 கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்னும்போது, காற்றைத் தாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கும் வீரரைத் தனியாள் ஜெயிப்பது நடக்காத காரியம். இன்று டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அதில் ஒருவர் அல்லது இருவர் தலைவர்கள். மீதிப் பேர் டொமெஸ்டீக்.

அவர்களுடைய வேலையில் தண்ணீர் எடுத்து வருவதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காதுக்கருவியில் உத்தரவு வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்துக் கூட்டத்தின் வாலுக்கு வருவார். அங்கே வரிசையாக வரும் கார்களில் தன் அணியின் காரைக் கண்டுபிடித்து, ஜன்னலோரமாக ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பாட்டில்களை வாங்குவார். சைக்கிளில் மாட்ட இரண்டு. மூன்று முதுகுப் பைகளில். மிச்சத்தைக் கழுத்து வழியாகச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். ஏழெட்டுப் பாட்டில் என்றால் நாலைந்து கிலோ கூடிவிடும். ஐஸில் இருந்து எடுத்தவை வேறு. அந்தக் குளிர்ந்த முதுகோடு கார்களுக்கு நடுவே நுழைந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சைக்கிள்களைத் தாண்டி, முன்வரிசையில் இருக்கும் தன் ஆட்களுக்கு ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். வெயில் நாளில் இதே பயணம் திரும்பத் திரும்ப நடக்கும். அப்புறம் கூட்டத்தை விட்டு முன்னால் தப்பி ஓடியவர்களைத் துரத்துவது, தலைவர் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது எல்லாம் இருக்கிறது.

சக்கரம் கொடுத்தவர்களில் பிரான்ஸ் மறக்காத பெயர் ரெனே வியெத்தோ. 1934இல் அவருக்கு வயது 20. மலைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிரெனேயில் தலைவர் அந்தோனன் மாஞ்ஞின் சக்கரம் உடைந்தபோது தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் புகைப்படம் இன்றும் அச்சாகிறது. மறுநாள் மாஞ் மறுபடி பின்னால் சிக்கிக்கொள்ள, முன்னால் போயிருந்த வியெத்தோ சைக்கிளைத் திருப்பி, வந்த மலையிலேயே மேலே ஏறிப் போய் உதவினார். மாஞ் அந்த டூரை ஜெயித்தார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம்.

முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தத் தொழில் புரியவே புரியாது. 2021 டூரில் கடைசி இடம் பெல்ஜியத்தின் டிம் டெக்லெர்க்குக்கு. அவர் பட்டப்பெயர் டிராக்டர். மணிக்கணக்காகக் கூட்டத்தின் முன்னால் நின்று இழுப்பதுதான் அவர் வேலை. அதே அணியின் மார்க் கேவெண்டிஷ் அந்த முறை நான்கு கட்டங்களை ஜெயித்து, பெல்ஜியத்தின் பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகள் என்ற சாதனையைச் சமன் செய்தார். அந்த நான்கிலும் கடைசி ஆளின் கால்களுக்குப் பங்குண்டு. அதனால்தான் பரிசுப் பணத்தைத் தலைவர் அணியோடு பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அது தயவு கிடையாது, கூலி.

எப்போதாவது இடம் மாறுவதும் உண்டு. 2023இல் அமெரிக்காவின் செப் குஸ் இத்தாலிச் சுற்றில் தன் அணித் தலைவர் ரோக்லிச்சையும், டூரில் அதே அணியின் இன்னொரு தலைவர் விங்கேகோரையும் ஜெயிக்க வைத்தார். அதே ஆண்டு ஸ்பெயின் சுற்றில், மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் அணியும் தலைமைச் சட்டை அவரிடமே வந்து சேர்ந்தது. ஆங்லிரு மலையில் அந்த இரண்டு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு மேலே போனார்கள். வெறும் 8 விநாடியில் சட்டை தப்பியது. அன்றைய காட்சி பலரை வருத்தியது, எனக்கும் அது உறுத்தல்தான். அதன்பின் அணி அவருக்காக ஓட்டியது. கடைசியில் குஸ் முதலிடம், மற்ற இருவரும் அடுத்தடுத்த இடம்.

மற்ற மொழிகள் இந்த ஆளை எப்படிப் பார்க்கின்றன? இத்தாலியில் 'கிரெகாரியோ'. மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, ரோமானியப் படையின் சாதாரணச் சிப்பாயைக் குறித்த சொல். பிளெமிஷ்காரர்களுக்கு 'க்னெக்ட்', அதாவது பண்ணையாள். தண்ணீர் சுமப்பவர் என்ற பொருளில் பிரெஞ்சிலும் டச்சிலும் ஜெர்மனிலும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. எல்லாமே கீழே இருப்பவரைக் குறிப்பவை. சொல் மாறவில்லை, மதிப்புதான் மாறியிருக்கிறது. இன்று ஒரு வீரர் தன்னை டொமெஸ்டீக் என்று சொல்லிக்கொள்வதில் கூச்சம் எதுவும் இல்லை.

தமிழில் நேர்ப்பெயர்ப்பாக 'வேலைக்காரர்' என்றோ 'ஏவலாள்' என்றோ போட்டால், தெக்ரான்ஜின் திட்டு மட்டும்தான் வந்து சேரும். நூறு ஆண்டில் அந்தச் சொல் சம்பாதித்த மதிப்பு வராது. 'சக வீரர்' என்றால் தலைவரும் சக வீரர்தானே. 'உதவியாளர்' என்றால் மசாஜ் செய்பவரா, மெக்கானிக்கா என்ற குழப்பம் வரும்.

ஆனால் இந்த ஆள் நம் மரபுக்குப் புதியவர் இல்லை. பகைவர் அரசனைச் சூழ்ந்துகொள்ளும்போது, ஒரு வீரன் தனியாளாகத் திரும்பி வந்து அவர்களைத் தாக்குவதைத் தொல்காப்பியம் தும்பைத் திணையில் 'தார்நிலை' என்று ஒரு துறையாகவே வகுத்திருக்கிறது. வியெத்தோ மலையில் திரும்பி ஏறியதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சோழர் காலத்தில் வேளைக்காரப் படை இருந்தது. அரசனுக்காக உயிரையும் கொடுப்பதாக உறுதி பூண்டவர்கள். 'வேளைக்காரர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் படிப்பவர் அதை எழுத்துப்பிழை என்று நினைப்பார், கேட்பவர் வேலைக்காரர் என்றே நினைப்பார். தார்நிலையோ ஒரு செயலின் பெயர், ஆளின் பெயர் அல்ல.

அதனால் அன்றாடப் புழக்கத்துக்கு நான் சொல்வது 'துணையோட்டி'. 'துணை' என்ற சொல்லில் தாழ்வு இல்லை. வழித்துணை, உயிர்த்துணை என்று அதை உயர்த்தியே பழகியிருக்கிறோம். ஓட்டுபவரே துணையாக இருக்கிறார் என்பதும் தெளிவாக விளங்கும். மலையின் கடைசி ஏற்றம்வரை தலைவரோடு நிற்கக்கூடிய குஸ் போன்றவர்களை 'சூப்பர் டொமெஸ்டீக்' என்கிறார்களே, அவர்களை 'முதன்மைத் துணையோட்டி' எனலாம். பன்மையில் துணையோட்டிகள். வேலையைச் சொல்லும்போது 'துணையோட்டம்': 'டெக்லெர்க்கின் துணையோட்டத்தில் கேவெண்டிஷ் நான்கு கட்டங்களை ஜெயித்தார்.'